கூரைக்குக் கீழே குடை

ஜெர்மனியின் வுப்பர்டாலில் மழை. பல்கலைக்கழக மைதானத்தின் புதிய கூரையில் அது கடுகு பொரிவதுபோல் வெடிக்கிறது. கீழே பார்வையாளர் ஒருவரும் நனையவில்லை. முதல் வருடம் இங்கே ஒரு கயிறும் மண்மேடும்தான். பிறகு உட்காரப் பலகை வாங்குகள் வந்தன. அடுத்த வருடம் நாட்டுக்கு உதைபந்தாட்ட உலகக் கோப்பை வருகிறது என்ற உற்சாகத்தில் இப்போது கொங்கிறீற் படிகள், கூரை, இலக்கமிட்ட நாற்காலிகள். மழையோ வெயிலோ, கோலுக்குப் பின்னால் மண்மேட்டில் மஞ்சள் குடையோடு நின்ற மக்டலீனுக்கு இன்று எங்கோ உயரத்தில் ஓர் இருக்கை. ஆட்டத்தின் கடைசி நேரத்தில் எதிரணிக்குப் பெனால்டி கிடைக்கிறது. கோல் காக்கும் மகள் கிறிஸ்ரினா வழக்கம்போலப் பின்னால் திரும்பிப் பார்க்கிறாள். குடை நின்ற இடத்தில் விளம்பரப் பலகை நிற்கிறது. அவள் பார்வை படிகளில் ஏறி, அத்தனை முகங்களுக்குள் தடுமாறுகிறது. மக்டலீன் எழுந்து, கூரைக்குக் கீழே குடையை விரிக்கிறாள். பின்னால் இருக்கும் ஜெர்மன்காரர் மறைக்கிறது என்று முணுமுணுக்கிறார்.

“இஞ்சேரும், மடக்கும். சனம் சிரிக்குது,” என்கிறார் கணவர் றெஜினோல்ட்.

“பிள்ளை தேடுறாளப்பா.”

றெஜினோல்ட் கீழே பார்க்கிறார். பிறகு எழுந்து குடையை வாங்கி, தன் கை எட்டும் மட்டும் உயர்த்திப் பிடிக்கிறார். கிறிஸ்ரினா கையுறைகளை ஒருமுறை தட்டிவிட்டுப் பந்தின் பக்கம் திரும்புகிறாள்.