ஒரு கூடை நகரை

"நாளைக்கு நாகலெட்சுமி ஏலத்துக்கு வருது. மொதக் கூடையை அது கேட்டா, மேல யாரும் கேக்கக் கூடாது. என்ன?"

ஏலக்காரர் மீரா சாகிபு முந்தின நாளே மீன் வியாபாரிகளைக் கூட்டிச் சொல்லிவிட்டார். எல்லோரும் தலையாட்டினார்கள். பெரிய வியாபாரி பிச்சையம்மாளுக்கு மட்டும் வாய் நிறைய வெற்றிலை. அதையும் சம்மதமாகவே எடுத்துக்கொண்டார்.

நாகலெட்சுமிக்கு இளம்பிள்ளை வாதத்தில் இரண்டு கால்களும் போனவை. மூன்று சக்கர வண்டிதான் கால். மண்டபம் கடற்கரையில் ரோட்டுக்கும் ஏலக்கூடத்துக்கும் நடுவே கிடந்த மணலில் சக்கரம் புதைந்துவிடும். அதனால் ரோட்டோரம் காத்திருந்து, ஏலம் எடுத்தவர்களிடம் மறுவிலைக்கு வாங்கித்தான் விற்றாள். கையில் மிஞ்சியது செதில்தான்.

மதுரையிலிருந்து காலேஜ்காரர்கள் வந்து, கடற்கரை ஊர்களில் ஊனமுற்றவர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று ஆராய்ச்சி செய்து புத்தகம் போட்டார்கள். கதை அதோடு முடிந்தது என்று ஊர் நினைத்தது. நாகலெட்சுமி விடவில்லை. புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கலெக்டர் முன்னால் போய் நின்றுவிட்டாள்.

"மணலால எத்தனை பேரு பொழப்பு போகுதுன்னு இதுல இருக்குய்யா. பாதை போட்டுத் தரணும்னு சட்டத்துல இருக்கு. ரெண்டையும் நீங்கதான் சேத்து வைக்கணும்."

அடுத்த வருஷம் சிமெண்டுப் பாதை வந்துவிட்டது.

மீரா சாகிபு வியாபாரிகளிடம் சொல்லிவைத்த மறுநாள் காலை, அந்தப் பாதையில் வண்டி கடகடவென்று இறங்கியபோது ஏலக்கூடமே கைதட்டியது.

"வழி விடுங்கப்பா, ப்ளசர் காரு வருது!" என்றான் சுமை தூக்கும் முனியசாமி.

"ஹாரன் இன்னும் வாங்கலண்ணே. நீங்களே கத்திக்கிட்டு முன்னால போங்க!"

சிரிப்பு அடங்குவதற்குள் சின்னக்கருப்பனின் படகு மீன் வந்து இறங்கியது. மீரா சாகிபு ஒரு கூடையை முன்னால் இழுத்தார்.

"நகரை மீனு! கண்ணைப் பாருங்க, இன்னும் முழிக்குது! கேளுங்க!"

"முன்னூறு!"

நாகலெட்சுமியின் குரல் நடுங்கியது. அவள் கண் கூட்டத்தில் யாரையோ தேடியது. பிள்ளை பயப்படுது என்று மீரா சாகிபு நினைத்துக்கொண்டார்.

யாரும் மேலே கேட்கவில்லை. ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். எழுநூறுக்குக் குறையாத கூடை. படகுக்காரர் சின்னக்கருப்பன் முகம்தான் சுண்டிப்போனது.

"முன்னூறு ஒரு தரம்... ரெண்டு தரம்..."

"நானூறு!"

பிச்சையம்மாள்!

"ஏ பிச்சையம்மா, ஈவு இரக்கம் இருக்கா ஒனக்கு?" வியாபாரி வேல்சாமி கத்தினார். "நடக்க மாட்டாத பிள்ளை வயித்துல அடிக்கிறியே!"

"ஐந்நூறு!" என்றாள் நாகலெட்சுமி.

"அறுநூறு!"

மீரா சாகிபுக்கு ஆத்திரம் பொங்கியது. ஆனாலும் ஏலக்காரன் தொண்டை அல்லவா, அது தானாக மேலே ஏறியது. "அறுநூறு! அறுநூறு! யாரு கேக்குறா?" வட்டம் நெருங்கியது. வலை உலர்த்தியவர்கள்கூட ஓடி வந்தார்கள்.

"விடாத தாயி!"

"அறுநூத்தம்பது!"

"எழுநூறு!"

நாகலெட்சுமி வண்டியிலிருந்து பாதி உடம்பை வெளியே சாய்த்து, ஒரு மீனை எடுத்துச் செவுளை விரித்துப் பார்த்தாள். ரத்தச் சிவப்பு. இப்போது குரலில் நடுக்கம் இல்லை.

"எழுநூத்தம்பது!"

பிச்சையம்மாள் வெற்றிலையைத் துப்பினாள். "அதுக்கு மேல எனக்குக் கட்டாது. அவளுக்கே விடுங்க."

"மூணு தரம்!"

விசில் பறந்தது. கூடையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, சேலையெல்லாம் மீன் தண்ணீர் சொட்ட, நாகலெட்சுமி வாய்விட்டுச் சிரித்தாள்.

சின்னக்கருப்பன் வண்டிக்குப் பக்கத்தில் வந்தார். "நாளைக்குக் கணவாய் மீனு இறக்குறேன். வெள்ளனமே வந்துரு தாயி. நீ வந்தாத்தான் ஏலம் சூடா இருக்கு."

கூட்டம் கலைந்ததும் மீரா சாகிபு பிச்சையம்மாளை மடக்கினார்.

"யா அல்லா, ஒனக்கு அந்தப் பிள்ளை மேல என்ன கோவம்? நாம எல்லாரும் கூடிப் பேசித்தானே ஒரு நல்லது செஞ்சோம்!"

"நீங்க ஒங்களுக்குள்ள பேசுனீக, பாய்." பிச்சையம்மாள் தன் கூடையைத் தலையில் ஏற்றினாள். "நான் நேரா அவ வீட்டுக்குப் போயி அவகிட்டப் பேசுனேன். 'முன்னூறுக்கு எனக்கு விட்டா, நாளைக்கு எந்தப் படகுக்காரன் என்னைய ஏலத்துல சேப்பான்? நீங்களாச்சும் என்கூட மல்லுக்கு நில்லுங்க பெரியம்மா'ன்னு கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதுச்சு."