அமீனின் கைகள்

தேங்காப்பட்டணத்து வீட்டின் முன்னறையில் மதிய வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலோடு தரையில் கிடக்கிறது. நிச்சயத்துக்கு வந்தவர்களின் சிரிப்புக்கு நடுவே மாப்பிள்ளை அமீனின் தங்கை அஃப்ஸானா மட்டும் ஆறிப்போன சாயாவைப் பார்த்தபடி இருக்கிறாள். அவளுக்குக் காது கேட்காது. அவளுடைய சைகைமொழி தெரிந்தவன் வீட்டில் அண்ணன் ஒருவன்தான். அவனும் இனி இன்னொருத்தியோடு பேசிக்கொண்டிருப்பான். மணப்பெண் ஷஹ்லா எதிரே வந்து உட்கார்ந்து, தயங்கித் தயங்கி விரல்களை அசைக்கிறாள்: 'சாயாவுக்கு இனிப்பு போதுமா?' அஃப்ஸானாவின் கண்கள் விரிகின்றன. "நீ இது படிச்சிருக்கியா?" அமீன் அருகே வந்து ஷஹ்லாவிடம் கேட்கிறான். "பி.காம்ல எல்லாருக்கும் இஷ்டம்போல எடுக்க ஒரு பொதுப் பேப்பர் உண்டுல்லா, அதுல சைகைமொழி எடுத்தேன்." "ஏட்டி, கணக்கு படிக்கப் போனவளுக்குக் கைப்பாஷை எதுக்குன்னு நான் ஏசினேன் மக்கா," என்று ஷஹ்லாவின் உம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறார். வெயிலில் நான்கு கைகள் பறக்கின்றன, வளையல்கள் கலகலக்கின்றன. ஒரு சொல் ஷஹ்லாவுக்குப் பிடிபடவில்லை. வழக்கம்போல விளக்கிச் சொல்ல அமீன் கைகளை உயர்த்துகிறான். அஃப்ஸானா திரும்பிப் பார்க்காமலே அவற்றைத் தட்டிவிட்டு, அதே சொல்லை மைனியாக வரப்போகும் ஷஹ்லாவுக்காக மறுபடியும் மெதுவாகக் காட்டுகிறாள். வேலையிழந்த அந்தக் கைகள் அமீனின் மடியில் இறைவனிடம் துஆ கேட்க மெல்ல விரிகின்றன.