டப்பாவில் இல்லாத பேர்

"ஏன் டீச்சர், இந்தப் பொண்ணு அரை மணி நேரமா கையத் தூக்கித் தூக்கி இறக்குது. ஒரு கேள்விகூட இவளுக்கு வரலையே?"

கேட்டவர் வகுப்பைப் பார்வையிட வந்த கல்வி அதிகாரி. கணக்கு டீச்சருக்கு மூன்று வருஷமாகத் தற்காலிக வேலை. இன்று அதிகாரி எழுதப்போகும் அறிக்கையில்தான் நிரந்தரமாவதும் ஆகாததும்.

வகுப்பு என்னவோ அமோகமாகத்தான் போனது. கேள்வியைக் கேட்பாள், பிள்ளைகள் யோசிக்கட்டும் என்று பத்து எண்ணும்வரை காத்திருப்பாள், அப்புறம்தான் டப்பாவிலிருந்து ஒரு ஐஸ் குச்சியை உருவுவாள். குச்சியில் யார் பேரோ, அவர் பதில் சொல்ல வேண்டும். கெட்டிக்காரப் பிள்ளைகளே எப்போதும் முந்திக்கொள்ளக் கூடாதல்லவா?

"குச்சியில பேர் வரணும் சார்..."

"டப்பாவைக் கொடுங்க."

மேசையில் கொட்டி எண்ணினார். பிள்ளைகள் நாற்பது. குச்சி முப்பத்தொன்பது.

அவர் அந்தப் பெண்ணிடம் குனிந்தார். "டீச்சர் உங்கிட்ட எத்தனை தடவை கேள்வி கேட்டிருக்காங்க கண்ணு?"

"ஒரு தடவைகூட இல்ல சார்." குரல் உடைந்தது. "சில கேள்விக்கு எனக்கும் பதில் தெரியும் சார்."

அவ்வளவுதான், அதிகாரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மக்குன்னு ஒதுக்கி வெச்சிட்டீங்களா? நாங்க வர்றப்ப நல்ல பேர் வாங்க இப்படியொரு தில்லுமுல்லா?"

டீச்சர் வாயைத் திறந்தாள். எதிரே அந்தப் பெண் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பாவம், பத்து வயசு.

"தப்புதான் சார்," என்றாள் டீச்சர்.

பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்த தலைமையாசிரியை விருட்டென்று எழுந்தார்.

"எத்தனை மீட்டிங்ல தலைபாடா அடிச்சுக்கிட்டேன், ஒரு பிள்ளையையும் விடாதீங்கன்னு! எனக்கே வெட்கமா இருக்கு சார்."

'ஒரு மாணவியை வேண்டுமென்றே ஒதுக்கியவர். நிரந்தரமாக்கப் பரிந்துரை இல்லை.' டீச்சரின் கண்ணெதிரிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார் அதிகாரி. மூன்று வருஷ உழைப்பு ஒரே வரியில் மண்ணாய்ப் போனது.

மணியடித்துப் பிள்ளைகள் போய்விட்டார்கள். டீச்சர் அழுகையை அடக்கிக்கொண்டு குச்சிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அதிகாரியை வழியனுப்பிவிட்டு வந்த தலைமையாசிரியை கதவைச் சாத்தினார்.

"நல்ல வேளை, நான் சொல்லித்தான் குச்சியை எடுத்தீங்கன்னு வாயை விடலை. நாளைக்கும் என் பொண்ணு பேரை அதுல போட்டுடாதீங்க. நாலு பேர் முன்னாடி அவ தப்பா சொல்லிட்டா, என் மானம்ல போகும்!"