நாலு விரல் மடிப்பு

கைகளை விரித்துக்கொண்டு அசையாமல் நின்றாள் சைனபு.

நீலச் சட்டை. கழுத்துப் பட்டியில் மஞ்சள் நூலால் சின்னச் சின்னப் பூக்கள்.

வெள்ளைக்கார மாவட்ட அதிகாரியின் மனைவி நாற்காலியில் உட்கார்ந்து அந்தச் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பூப்போட்டது அவள்தான். தைத்தது தையற்காரர் வைத்திலிங்கம். போட்டுக்கொள்ளப் போவது மட்டும் சைனபு இல்லை. சைனபு சமையற்காரரின் மகள், பத்து வயது. அளவுக்காக நிற்கவைத்திருந்தார்கள்.

சட்டை அதிகாரியின் மகள் ஹெஸ்டருக்கு. ஹெஸ்டருக்கு இப்போதுதான் ஏழு.

அதிகாரிகள் வீட்டில் அதுதான் வழக்கம். பிள்ளைக்கு ஏழு வயதானால் ஆப்பிரிக்கா போதும் என்று கப்பலேற்றி, இங்கிலாந்தில் ஒரு விடுதிப் பள்ளியில் விட்டுவிடுவார்கள். அப்பா மாவட்டத்தை ஆள்வார். அம்மா கடிதம் எழுதுவாள். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை லீவு கிடைத்தால் போய்ப் பார்க்கலாம். என்ன வழக்கமோ, எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ!

ஆக, மூன்று வருஷத்துக்குச் சட்டை வேண்டும். எட்டு வயதுக்கு ஒன்று, ஒன்பதுக்கு ஒன்று, பத்துக்கு ஒன்று.

வைத்திலிங்கத்துக்கு இது பிடிக்கவில்லை. தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள். ரயில் பாதை போட வந்த கூட்டத்தோடு வந்து, தையல் மெஷினோடு தங்கனிகாவிலேயே தங்கிவிட்டவர்.

“எதுக்கு துரைசானியம்மா மூணு? வளர்த்தியா ஒண்ணு தைச்சுத் தரேன். உள்ளே நாலு விரல் மடிப்பு விட்டா, பிள்ளை வளர வளரப் பிரிச்சு விட்டுக்கலாம். எங்க ஊர்ல அப்படித்தான்.”

சுவாஹிலியில்தான் சொன்னார். அவளுக்கு நன்றாகவே புரிந்தது.

“பிரிச்சு விட அங்கே யார் இருக்கா?”

அவர் ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு குனிந்தார்.

“மடிப்பெல்லாம் வேண்டாம். மெல்லிசா தைச்சா போதும்.”

சரி என்று தலையாட்டினார்.

ஹெஸ்டர் தரையில் பித்தான்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து சைனபுவைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் கேட்டாள்.

“நானும் இவ்வளவு உயரம் ஆயிடுவேனா?”

“ஆயிடுவே.”

“நீ பார்ப்பியா?”

அம்மா எழுந்துபோய்ச் சைனபுவைத் தன்னோடு சேர்த்து நிறுத்தினாள். சைனபுவின் உச்சந்தலை அவள் மார்பு வரை வந்தது. அவள் உடுப்பின் மூன்றாவது பித்தான். அதை மனதில் குறித்துக்கொண்டாள்.

அழுகை வந்தால் தேவலை என்று இருந்தது. வரவில்லை.

சாப்பாட்டு மேஜையில் கணவர் சொன்னார்: “நானும் ஏழு வயசுல போனவன்தான். எனக்கு என்ன ஆயிடுச்சு?”

அவள் அவரைப் பார்த்தாள். பெற்ற மகளைச் செல்லமாக ஒரு பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியாத மனிதர். உப்பை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

மூன்று சட்டைகளையும் வைத்திலிங்கமே மடித்துப் பெட்டியில் வைத்தார். எட்டு, ஒன்பது, பத்து என்று எழுதி ஒவ்வொன்றிலும் அவள் ஒரு சீட்டுக் குத்தினாள்.

கப்பல் போனது.

மாதம் ஒரு கடிதம் வந்தது. நான் நலம். இங்கே மழை. கணக்குப் பாடம் பிடித்திருக்கிறது. எல்லாக் கடிதமும் ஒன்றேபோல. ஆசிரியை கரும்பலகையில் எழுதிப்போட, பிள்ளைகள் பார்த்து எழுதுகிற கடிதங்கள்.

அவள் அதையும் திரும்பத் திரும்பப் படித்தாள்.

மூன்று வருஷம். லீவு. இங்கிலாந்தில் ஒரு ரயில் நிலையம்.

விடுமுறைக்கு வந்த பிள்ளைகள் இறங்கினார்கள். முப்பது, நாற்பது பேர். எல்லோர் தலையிலும் ஒரே தொப்பி.

அவள் முகங்களைத் தேடவில்லை. நீலத்தைத் தேடினாள்.

அதோ.

கழுத்துப் பட்டியில் மஞ்சள் பூக்கள். உயரமும் அச்சு அசலாக அந்த மூன்றாவது பித்தான் வரைதான்.

ஓடினாள். பிளாட்பாரத்திலேயே மண்டியிட்டுக் கட்டிக்கொண்டாள்.

“என் கண்ணே. என் கண்ணே.”

அந்தப் பிள்ளை கட்டைபோல நின்றது.

“அது ஐரீன்.”

குரல் பின்னாலிருந்து வந்தது. நெடுநெடுவென்று ஒரு பெண். மணிக்கட்டு வெளியே தெரிகிற சாம்பல் நிறக் கோட்டு. கணவருடைய அதே மூக்கு.

“எனக்கு அது போன வருஷமே முட்டிக்கு மேல ஏறிடுச்சும்மா. ஐரீனுக்குக் கொடுத்துட்டாங்க.”

கோபமெல்லாம் இல்லை. விவரம் கேட்டவருக்கு விவரம் சொல்கிற குரல். பிறகு அப்பாவிடம் கையை நீட்டினாள்.

“பயணம் சௌகரியமா இருந்ததா?”

அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு மகளோடு கைகுலுக்கினார்.

அவள் இன்னும் எழுந்திருக்கவில்லை. ஐரீனின் சட்டை விளிம்பு அவள் கையில் இருந்தது. தடிப்பாக இருந்தது.

திருப்பிப் பார்த்தாள்.

உள்ளே நாலு விரல் மடிப்பு. வைத்திலிங்கம் அவள் பேச்சைக் கேட்கவே இல்லை. சிறுபிள்ளை இழுத்தாலும் வந்துவிடுகிற மாதிரி, பெரிது பெரிதாக ஓட்டுத் தையல் போட்டிருந்தார்.

ஒரு தையல்கூடப் பிரிந்திருக்கவில்லை.