தினம் ஒரு வாசகர்

கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுகளா, கதை எழுதுகிறவள் ஒருத்தியின் கதையைச் சொல்கிறேன்.

டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள், அவளுக்குக் கண்ணும் மங்கிவிட்டது. அவளுடைய மின்நூல்களுக்கு வரும் வாசகர் கருத்துகள்தான் மருந்து. கணவர் தினமும் கைப்பேசியும் கையுமாகக் கட்டிலருகே உட்கார்ந்து வாசித்துக் காட்டுவார்.

“இன்னைக்கு என்னங்க வந்திருக்கு?”

“கடைசி அத்தியாயம் படிச்சு ஒருத்தர் அழுதுட்டாராம்.”

“பாத்தீங்களா? ஒரே மின்நூல் கடைக்கு மட்டும் குடுக்காதே, நாலு இடத்துல வைன்னு ஒத்தக் கால்ல நின்னீங்களே.”

“நீதான் ஜெயிச்சே, தாயே. ஆளை விடு.”

அவள் சிரித்தபடியே கண்ணயர்ந்தாள்.

அவர் கையிலிருந்த கைப்பேசி அணைந்தே கிடந்தது. இன்னும் நாலு பேர் படிக்கட்டுமே என்ற ஆசையில், அவளுக்குத் தெரியாமல் ஒரு நாவலை அவர் வேறொரு தளத்தில் இலவசமாகப் போட்டிருந்தார். வேறெங்கும் வெளியிடக் கூடாது என்ற ஒப்பந்தத்தை மீறிவிட்டதாகச் சொல்லி, அந்த மின்நூல் கடை போன மாதமே அவளுடைய நூல்கள் அத்தனையையும் நீக்கிவிட்டது.

நாளைக்கு எந்த வாசகரை அழவைப்பது என்று யோசித்தபடியே அவளுக்குப் போர்வையை இழுத்துவிட்டார்.

உங்கள் வீட்டில் யாருக்கும் பொய்யே மருந்தாகும் நிலை வராதிருக்கட்டும். நன்றாயிருங்கள்.