படித்துப் படித்துச் சொன்னது

லேசர் மெஷினின் ஒயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டுத்தான் தோல் டாக்டர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். இனி அதைத் தொடுவதாக இல்லை. எதிரே இருந்த பெண்ணின் இரண்டு கன்னங்களிலும் அடுப்புக்கரியைத் தேய்த்த மாதிரி கருந்திட்டு.

போன மாதம் பருத்தழும்பைப் போக்க லேசர் வைத்தபோது எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. ஊருக்கெல்லாம் பார்த்துப் பார்த்து வைக்கிற கை, இவளுக்கு மட்டும் சூட்டைக் கூட்டி வைத்துவிட்டதா? டாக்டருக்குத் தன் மேலேயே எரிச்சல் எரிச்சலாக வந்தது.

"உரிஞ்ச தோலைப் பிச்சீங்களா?"

"கையே வைக்கலை டாக்டர்."

"யாராவது சொன்னாங்கன்னு வேற கிரீம் ஏதாவது?"

"நீங்க எழுதிக் கொடுத்த களிம்பு மட்டும்தான்." அவள் குரல் உடைந்தது. "திங்கட்கிழமை ஓட்டல் ரிசப்ஷன்ல வேலைக்குச் சேரணும். இந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு எப்படிப் போய் நிப்பேன்?"

"வெயில்ல போனீங்களா?"

"குழந்தையை ஸ்கூல்ல விட்டுட்டு வருவேன். மத்தபடி வீட்டை விட்டு நகரலை."

டாக்டரின் பொறுமை போயே போய்விட்டது. "ஜன்னல் வழியா வர்ற வெயில்கூட ஆகாது, வீட்டுக்குள்ள இருந்தாலும் சன்ஸ்கிரீன் போடணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

அதுவரை உர்ரென்று உட்கார்ந்திருந்த கணவன் துள்ளி எழுந்தான்.

"சும்மா எங்க மேலயே பழியைப் போடாதீங்க டாக்டர். நீங்க சொன்ன அன்னிக்கே கடைக்குப் போய், இருக்கிறதுலயே கெட்டியானதாப் பார்த்து வாங்கினேன். என் கையாலயே போட்டும் விட்டேன்!"

டாக்டர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பெண்டாட்டிக்குத் தன் கையாலேயே போட்டுவிடுகிற புருஷன்! இவர்கள் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. தப்பு தன் கையில்தான், இல்லாவிட்டால் கடைக்காரன் இவன் தலையில் போலிச் சரக்கைக் கட்டியிருக்க வேண்டும்.

"அழாதீங்கம்மா. இது மருந்துக்கு மங்கிடும், ஆனா மாசக்கணக்காகும்" என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டுக் கணவன் பக்கம் திரும்பினார். "நாளைக்கு வரும்போது அந்த சன்ஸ்கிரீனை எடுத்துட்டு வாங்க. நான் பார்க்கணும்."

அவன் தலையைச் சொறிந்தான்.

"ஒரு ஜன்னல்ல இருக்கிறதை மட்டும் கழட்டிட்டு வந்தாப் போதுமா டாக்டர்?"