பொங்கிய ஜாடி

சுகாதார நிலையத்தில் வீட்டுக்கு ஒரு ஈஸ்ட் ஜாடி கொடுத்திருந்தார்கள். அந்த ஈஸ்ட் செய்யும் நொதிதான் மருந்துப்பொடியை ஆன்டிபயாடிக்காக மாற்றும். அந்த வேலையும் சேர்ந்திருப்பதால் அது மெதுவாகத்தான் வளரும். சகாயமேரி அதை இட்லி மாவைப் போல வெறுங்கையால் கலக்கிவிட்டாள். கையில் ஒட்டியிருந்த சாதா ஈஸ்ட்டுக்கு அந்தச் சுமை கிடையாது. இரண்டே நாளில் அது மருந்து ஈஸ்ட்டை அமுக்கிவிட்டு, ஜாடி முழுக்கப் பெருகி விளிம்புவரை பொங்கியது. "என் கைராசி" என்று தெருவெல்லாம் காட்டினாள்.

இன்று மகள் ஜெனியின் கால்புண் தொடைவரை சிவந்து, உடம்பு அனலாய்க் கொதித்தது. நொதி இருந்தால் நீலமாகும் சோதனைத்தாள், ஜாடியில் மூன்று முறை நனைத்தும் வெள்ளையாகவே இருந்தது.

கிண்ணத்தோடு எதிர்வீட்டுக்கு ஓடினாள்.

"லில்லி, உன் ஜாடியிலருந்து ஒரு கரண்டி குடு. பிள்ளைக்கு ரொம்ப முடியல."

"உங்களுதுதான அக்கா அந்தப் பொங்கு பொங்குது?"

"அது மருந்து இல்லடி. மந்தமா கெடக்குமே, அதுதான் மருந்து."

லில்லியின் முகம் வெளிறியது. "மந்தமா இருக்குன்னுதானே எங்களுதக் கொட்டிட்டேன். நீங்கதானேக்கா உறை ஊத்திக் குடுத்தீங்க, தெரு பூரா."

சகாயமேரி அடுத்த தெருவுக்கு ஓடி முதல் கதவைத் தட்டினாள். "உங்க ஜாடி பொங்காமத்தான இருக்கு?"

அந்தப் பெண் பெருமையாகச் சிரித்தாள். "நேத்துவரைக்கும் அப்படித்தான் இருந்துச்சு. இப்ப வந்து பாருங்க."